தைராய்டு ஆபரேஷனுக்குப் பிறகு குரல் போனது: என் அனுபவம்

கோத்தகிரி பக்கம் எங்களுக்குச் சின்னத் தேயிலைத் தோட்டம் இருக்கிறது. மேலே ரோட்டில் நின்று கூப்பிட்டால் சரிவில் கொழுந்து பறிக்கிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். அப்படி ஒரு குரல் எனக்கு. கழுத்தில் கட்டி வளர்ந்ததால் கீழே போய்த் தைராய்டை எடுத்தேன். கண் விழித்து "தண்ணி" என்றேன், வெறும் காற்றுதான் வந்தது. டியூப் போட்டதால் அப்படி, ஒரு வாரத்தில் சரியாகிவிடும் என்றார்கள்.

ஒரு மாதமாகியும் சரியாகவில்லை. குரலைவிடப் பெரிய கஷ்டம் புரையேறுவது. களி இறங்கும், தண்ணீர் இறங்காது. மாமியார் உச்சந்தலையில் தட்டி, "யாரோ நினைக்கிறாங்கம்மா" என்பார். ஒவ்வொரு மடக்குக்கும் புரையேறவே அவரும் பயந்துபோனார்.

காது மூக்கு தொண்டை டாக்டர் மூக்கு வழியாக மெல்லிய கேமராவை விட்டு, "ஈ" என்று சொல்லச் சொன்னார். திரையில் நானும் பார்த்தேன். வலது குரல் நாண் நடுவுக்கு வந்தது, இடது அசையவே இல்லை. அதை அசைக்கும் நரம்பு நேராகக் குரல்வளைக்குப் போவதில்லையாம். நெஞ்சுக்குள் இறங்கி, இதயத்திலிருந்து வரும் பெரிய ரத்தக்குழாயைச் சுற்றிக்கொண்டு, தைராய்டின் பின்பக்கமாக மறுபடி மேலே ஏறுகிறது. குன்னூரிலிருந்து கோத்தகிரிக்கு நேர் ரோடு இருக்க, மேட்டுப்பாளையம் இறங்கி ஏறுவது மாதிரி. எனக்கு அது அறுபடவில்லை, இழுபட்டிருக்கிறது, தானாகத் தேற 6 மாதம் முதல் ஒரு வருடம் வரை ஆகலாம் என்றார். குரல் பயிற்சிக்கு அனுப்பினார். தாடையை நெஞ்சோடு சேர்த்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கச் சொன்னார். அதுதான் முதலில் உதவியது.

எட்டாம் மாதம் குரல் திரும்பியது, முழுசாக இல்லை. சாயங்காலம் ஆனால் கம்மிவிடும். தோட்டத்தில் இப்போது விசில் ஊதித்தான் கூப்பிடுகிறேன். ஆபரேஷன் முடிந்து இரண்டு வாரத்துக்கு மேல் குரல் கம்மியே இருந்தால், கேமரா விட்டுப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். நான் ஒரு மாதத்தை வீணாக்கினேன்.

பூம்பாறையிலிருந்து:
அக்கா, எங்கள் அப்பாவுக்கு இதய ஆபரேஷனுக்குப் பிறகு இதே இடது பக்கம்தான் போனது. கழுத்தில் கத்தியே படவில்லையே என்று குழம்பினோம், நீங்கள் சொன்ன சுற்று வழிதான் காரணம். பூண்டு மண்டியில் விலை பேச முடியாமல் பையில் நோட்டும் பேனாவும் வைத்திருந்தார். அசையாத நாணை நடுவுக்குத் தள்ளுவதற்காக ஊசி போட்டார்கள். சில மாதம்தான் தாங்கும், அதற்குள் நரம்பு தேறாவிட்டால் நிரந்தரமாகச் சின்னத் துண்டு வைக்கலாம் என்றார்கள்.

கோத்தகிரி:
ஊசிக்குப் பிறகு புரையேறுவது நின்றதா தம்பி?

பூம்பாறை:
குறைந்துவிட்டது அக்கா. நாலாம் நாள் ஒரு டம்ளர் தண்ணீரை நிமிர்ந்து உட்கார்ந்தே குடித்தார். அம்மா பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.