தம்பி மண்ணு படிச்சு புரொபசர் ஆகப்போறானாம், பூகம்ப லைன்ல பொழப்பு ஓடுமா?

தன்லின் அக்கா எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் பெருசா எழுதறேன், கோச்சுக்காதீங்க.

நாங்க பர்மாவுல, யாங்கோன் பக்கத்துல தன்லின். என் தம்பி சிவில் இன்ஜினியரிங் கடைசி வருஷம். நடுவுல காலேஜ் மூடிக் கெடந்ததுல வருஷம் போச்சு, இல்லாட்டி எப்பவோ முடிச்சிருப்பான். அப்பாவுக்கு சின்னதா ஹார்டுவேர் கடை. இவன் முடிச்சதும் ஏதாவது பில்டிங் கம்பெனியில சைட் இன்ஜினியரா சேருவான், அப்புறம் சிங்கப்பூர் கிங்கப்பூர் போவான், இதுதான் வீட்ல போட்டு வச்ச கணக்கு.

2025 மார்ச் 28 மண்டலே பூகம்பம் வந்துச்சில்ல, அப்ப ஃப்ரெண்ட்ஸோட அரிசி மூட்டை தண்ணி கேஸ் எல்லாம் ஏத்திக்கிட்டு போனான். ஒன்பது நாள் கழிச்சு வந்தான். வந்து அழுக்குத் துணிய கூட எடுக்கல, பேக்ல இருந்து மொதல்ல ஒரு தண்ணி பாட்டில எடுத்து டேபிள் மேல வச்சான், பாத்தா உள்ள சாம்பக் கலர்ல மண்ணு. ஆத்தோரமா ஒரு வீட்ல அடுப்படி தரைய கிழிச்சுகிட்டு தண்ணியோட சேந்து பொங்கி வந்த மண்ணாம், கொழுக்கட்டை மாதிரி குமிஞ்சு கெடந்துச்சாம். அந்த பாட்டில் இப்ப எங்க ஷோகேஸ்ல முருகர் படத்துக்கு பக்கத்துல இருக்கு. இடிஞ்ச வீட்டு மண்ண வீட்டுக்குள்ள வைக்கலாமாடான்னு அம்மா தினம் ஒரு தடவ கத்துவாங்க.

இப்ப என்னடான்னா ஜியோடெக்னிக்கல், அதாவது கட்டடத்த தாங்கற மண்ணப் பத்தின படிப்பு, அதத்தான் படிக்கப்போறேன், அதுலயும் பூகம்பம், பிஎச்டி முடிச்சு புரொபசர் ஆவேன்ங்கறான். அப்பா கேக்கறாரு, "பில்டிங் கட்றவன தெரியும், மண்ணப் பாக்கறவனுக்கு யாருடா சம்பளம் குடுப்பான்"னு. எத்தன வருஷம் ஆகும்? இதுல சோறு கெடைக்குமா? இந்த லைன்ல இருக்கறவங்க உண்மைய சொல்லுங்க, நல்லா இருந்தாலும் சரி இல்லாட்டியும் சரி.

பாங்காக்ல மவுல்மேன் பையன்:

அக்கா, நான் நம்ம நாட்டு மவுல்மேன் ஊர்க்காரன். இப்ப பாங்காக் பக்கத்துல இதே லைன்ல பிஎச்டி நாலாவது வருஷம், அதனால கொஞ்சம் சொல்ற தகுதி இருக்குன்னு நெனைக்கிறேன்.

அன்னிக்கு நான் லேப்ல இருந்தேன். மொதல்ல எனக்கு தலை சுத்துதுன்னுதான் நெனச்சேன், ஏன்னா குலுக்கவே இல்ல, படகுல உக்காந்த மாதிரி மெதுவா ஆடுச்சு. மண்டலேல இருந்து இங்க ஆயிரம் கிலோமீட்டர். அவ்ளோ தூரத்துல முப்பது மாடிக்கு மேல கட்டிட்டிருந்த பில்டிங் ஒண்ணு பொடிப்பொடியா விழுந்துச்சு, நீங்களும் வீடியோ பாத்திருப்பீங்க. அந்த பில்டிங் வேலையில என்ன கோளாறுங்கறது வேற கதை, ஆனா ஆட்டம் இவ்ளோ தூரம் வந்தும் இங்க பெருசா ஆனதுக்கு காரணம் பாங்காக்குக்கு அடியில இருக்கற மண்ணு. மேல பத்து பதினஞ்சு மீட்டருக்கு பிசைஞ்ச மாவு மாதிரி களிமண்ணு, அதுக்கும் கீழ ரொம்ப ஆழம் வரைக்கும் வண்டல் தான். தூரத்துல இருந்து வர்ற மெதுவான ஆட்டத்த இந்த மாதிரி மண்ணு பெருசாக்கி விடும், உயரமான கட்டடத்துக்கு அதுதான் ஆபத்து. 1985ல மெக்சிகோ சிட்டியில இதேதான் நடந்துச்சு, பூகம்பம் வந்தது 350 கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் கடலோரத்துல, விழுந்தது பழைய ஏரிக்களிமண்ணு மேல கட்டின ஊரு. அப்பா கேட்ட கேள்விக்கு இதுதான் பதில், கட்டடம் ஒரே மாதிரி இருந்தாலும் மண்ணு மாறினா தலையெழுத்து மாறும்.

வருஷக் கணக்கு: மாஸ்டர்ஸ் ரெண்டு, பிஎச்டி நாலஞ்சு, அப்புறம் போஸ்ட்டாக்னு ஒரு தற்காலிக ஆராய்ச்சி வேலையில ஒண்ணு ரெண்டு வருஷம் சின்ன சம்பளத்துல ஓட்டணும், அதுக்கப்புறம் தான் அசிஸ்டென்ட் புரொபசர் வேலைக்கே அப்ளை பண்ணலாம், ஒரு போஸ்டுக்கு உலகம் பூரா இருந்து ஆள் வரும். அமெரிக்கா மாதிரி எடத்துல சேந்தப்புறமும் ஆறு வருஷம் போல டெஸ்ட் வச்சுத்தான் நிரந்தரம் பண்ணுவாங்க. அதாவது தம்பிக்கு இப்ப 25ன்னா முழு புரொபசர்னு போர்டு மாட்டும்போது 45 கூட ஆகலாம். கல்யாணப் பேச்ச ஆரம்பிக்கறதுன்னா இத மனசுல வச்சுக்கோங்க ஹாஹா.

தினசரி வேலை என்னன்னு கேட்டா பாதி நேரம் பிளம்பர் வேலை. 38 மில்லிமீட்டர் அகலம் 76 மில்லிமீட்டர் உசரத்துல ஒரு மண்ணு உருளை செஞ்சு, அதுக்கு மெல்லிசா ரப்பர் உறை மாட்டி, செல்லுங்கற டப்பாக்குள்ள வச்சு, உள்ள ஒரு காத்துக்குமிழி கூட இல்லாம தண்ணி ஏத்தணும், அதுக்கே ரெண்டு மூணு நாள் போயிடும். அப்புறம் பூகம்பம் மாதிரி மேலயும் கீழயும் அமுக்கி அமுக்கி எப்ப கொழகொழன்னு ஆகுதுன்னு பாக்கணும். போன மாசம் மூணாவது நாள்ல தான் பாத்தேன், ரப்பர் உறையில ஊசி நுனி அளவுக்கு ஓட்டை. எல்லாத்தையும் பிரிச்சுக் கழுவி முதல்ல இருந்து. அழுகையே வந்துடுச்சு, நெசமா.

எங்க படிக்கலாம்னா, பாங்காக் பக்கத்துல இருக்கற ஏஐடி, ஏசியன் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி, 1959ல ஆரம்பிச்சது, மண்ணு படிப்புக்கு ரொம்ப நாளா பேரு இருக்கு, நம்ம நாட்டுப் பசங்களும் வருவாங்க. ஜப்பான்ல மெக்ஸ்ட்னு அந்த அரசாங்கத்தோட ஸ்காலர்ஷிப் கெடச்சா ராஜா மாதிரி. இந்தியாவுல ரூர்க்கியில 1960லயே பூகம்ப இன்ஜினியரிங்க்குனு தனியா ஆரம்பிச்சாங்க, இப்ப அது ஐஐடி. ஆம்பளப் பசங்க நாட்ட விட்டு வெளிய போற பேப்பர் வேலை இப்ப எப்படின்னு உங்களுக்கே தெரியும், அத இங்க எழுத வேணாம்.

அந்த பாட்டில தூக்கிப் போட்றாதீங்க அக்கா.

பைல் மாமா:

மவுல்மேன் தம்பி எழுதுனது எல்லாம் சரி. நான் படிச்சவன் இல்ல, ஆனா 26 வருஷமா யாங்கோன்ல மண்ணு சோதிக்க போர் போட்டு, கட்டடத்த தாங்கற பைல், அதான் அடித்தூண், எறக்கறேன். அதனால கீழ இருந்து சொல்றேன்.

புரொபசருங்க பேப்பர் எழுதறாங்களே, அந்த நம்பர் எங்க இருந்து வருதுன்னு நெனைக்கிறீங்க? எங்க கூலிப் பசங்க எண்ணுறதுல இருந்து. எஸ்பிடின்னு ஒரு மண்ணு டெஸ்ட், 63.5 கிலோ சுத்தியல 76 சென்டிமீட்டர் தூக்கி விடணும், கீழ கொழாய் 45 சென்டிமீட்டர் எறங்கணும், மொத 15அ விட்டுட்டு கடைசி 30க்கு எத்தன அடின்னு எண்ணி எழுதணும். அவ்ளோதான். நாலு அடியிலயே எறங்கினா மண்ணு பொலபொலன்னு கெடக்குன்னு அர்த்தம், தண்ணிக்கு கீழ மணலா இருந்து இப்படி இருந்தா பயப்படணும். முப்பது நாப்பது போனா நிம்மதியா சாப்பிடப் போகலாம்.

இப்ப நடக்கற லட்சணத்த சொல்றேன். நான் எடுபிடியா இருந்த காலத்துல ஒரு கம்பெனி, பேரு வேணாம், மூணு குழி போட்டுட்டு ஆறு குழிக்கு ரிப்போர்ட் குடுத்தாங்க. மிச்ச மூணுக்கும் டீக்கடையில உக்காந்து லப்பெயே டீ குடிச்சுக்கிட்டே நம்பர் எழுதுனாரு அந்த ஆளு, நான் பக்கத்துல உக்காந்து பலகாரம் தின்னுகிட்டு இருந்தேன். அந்த வயசுல எனக்கு அது தப்புன்னே தெரியல. பில்டிங் இன்னும் நிக்குது. அந்த ரோட்டுல இப்பவும் நான் போறதில்ல, சுத்தித்தான் போவேன்.

அதனால தம்பிகிட்ட சொல்லுங்க, புரொபசர் ஆகறதுக்கு முந்தி ஒரு சீசன் போர் மிஷின்கிட்ட நிக்கட்டும், மழையில.

பழைய சாயா:

இங்க சாயான்னா டீ இல்லீங்க, வாத்தியாரு. வெளிநாட்ல இருந்து படிக்கறவங்களுக்காக சொல்றேன்.

நான் ஒரு டெக்னாலஜிக்கல் யுனிவர்சிட்டியில பதினெட்டு வருஷம் பாடம் எடுத்தேன். நம்ம ஊர் கணக்குல டியூட்டர், அசிஸ்டென்ட் லெக்சரர், லெக்சரர், அசோசியேட் புரொபசர், புரொபசர்னு படி. ஒவ்வொரு படிக்கும் டிரான்ஸ்ஃபர் உண்டு, பொண்டாட்டி ஒரு ஊர்ல நாம ஒரு ஊர்ல. சம்பளத்த பத்தி பேச வெக்கமா இருக்கு, சாயங்காலம் டியூஷன் எடுத்தவன் தான் அரிசி வாங்குனான். மரியாதை மட்டும் குறையில்லாம கெடைக்கும், பழைய மாணவன் பஸ்ல எந்திரிச்சு எடம் குடுப்பான். ஆராய்ச்சிக்கு மிஷினு இல்ல, இருந்தா கரண்டு இல்ல. தம்பி இந்த நாட்டுலயே புரொபசர் ஆகணும்னா இதுக்கெல்லாம் மனச தேத்திக்கணும்.

ஆனா ஒரு கதை. ஹாரி போல்டன் சீட்னு ஒரு இங்கிலீஷ்காரர், 1950ல அமெரிக்காவுல பெர்க்லி யுனிவர்சிட்டியில சேந்தாரு. பாதி வாழ்க்கை ரோடு, பைல்னு சாதாரண மண்ணு வேலைதான் பாத்தாரு. 1964 மார்ச் 27 அலாஸ்கா பூகம்பம், அளவு 9.2. அதே வருஷம் ஜூன்ல ஜப்பான்ல நீகாட்டா. நீகாட்டாவுல அபார்ட்மென்ட் கட்டடம் ஒண்ணு பெருசா ஒடையாம அப்படியே சாஞ்சு படுத்துச்சு, ஜனங்க சொவத்து மேல நடந்து எறங்கினாங்க. கட்டடத்துல தப்பில்ல, அடியில மணல் தண்ணியாயிடுச்சு. அப்ப சீடுக்கு 42 வயசு இருக்கும், அந்த வயசுல திசைய மாத்தினாரு. தன்கிட்ட படிச்ச இத்ரிஸ் கூட சேந்து 1971ல ஒரு முறைய எழுதுனாரு, பூகம்பம் மண்ண எவ்ளோ தள்ளும், மண்ணு எவ்ளோ தாங்கும், ரெண்டையும் ஒப்பிட்டு பாக்கறது. தாங்கற அளவ எப்படி கண்டுபிடிச்சாங்க தெரியுமா? மணல் பொங்கின ஊரு, பொங்காத ஊரு, ரெண்டுலயும் போர் போட்டு எண்ணின அடி. நம்ம பைல் மாமா சொன்ன அதே அடி! அந்த முறைய திருத்தித் திருத்தி இன்னிக்கும் உலகம் பூரா உபயோகிக்கறாங்க. டீக்கடையில எழுதுன நம்பர் ஒண்ணு அதுக்குள்ள போனா எங்க போய் நிக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

இன்னொண்ணு, தம்பி சீஸ்மாலஜியோட இத குழப்பிக்க வேணாம். மண்டலே பூகம்பத்தப்ப, அதுக்கு தெக்க தாஸி ஊருகிட்ட ஒரு சோலார் பிளான்ட் கேமராவுல தரை வெட்டிக்கிட்டு நகர்றது பதிவாச்சே, அத கியோட்டோ யுனிவர்சிட்டிக்காரங்க அளந்து 1.3 செகண்டுல 2.5 மீட்டர் நகர்ந்துச்சுன்னு சொன்னாங்க. அது பூமி எப்படி கிழியுதுன்னு பாக்கறவங்க வேலை. கிழிஞ்சப்புறம் ஆட்டம் மேல வர்ற வழியில இருக்கற கடைசி முப்பது மீட்டர் மண்ணு, அதுதான் நம்ம வேலை.

எங்க குடும்பம் யாங்கோனுக்கு வடக்க இருக்கற பெகு. 1930 மே 5ல அங்க வந்த பூகம்பத்துல ஷ்வேமோடோ பகோடாவே விழுந்துச்சு. அன்னிக்கு ராத்திரி வயக்காட்டுல மணலும் தண்ணியும் பீச்சி அடிச்சத எங்க தாத்தா பூதம் துப்பினதா சொல்வாரு. மண்டலேய ஆட்டின அதே சகாய்ங் வெடிப்பு தான், பூமியில இருக்கற பிளவு. வருஷத்துக்கு 2 சென்டிமீட்டர் கிட்ட நகர்ற கோடு அது, ஊரு அது மேலயும் பக்கத்துலயும் தான் இருக்கு. அதனால இந்த நாட்டுக்கு இந்த படிப்பு தேவையான்னு யாரும் கேக்க முடியாது, சம்பளம் குடுப்பாங்களான்னுதான் கேக்கலாம்.

பாட்டில் மண்ண வச்சு ஒரு வேலை செய்யச் சொல்லுங்க. பொடி எவ்ளோ சன்னம்னு பாக்கலாம், கொஞ்சம் எடுத்து கண்ணாடி கிளாஸ்ல தண்ணி ஊத்தி கலக்கி வச்சா மணல் ஒரு நிமிஷத்துல அடியில போயிடும், களிமண்ணா இருந்தா நாள் கணக்குல கலங்கியே நிக்கும். ஆனா அந்த மண்ணு பூமிக்குள்ள எவ்ளோ நெருக்கமா இருந்துச்சுங்கறது பாட்டில்ல வராது, அது அங்கயே போச்சு.

தன்லின் அக்கா:

ரொம்ப நன்றி எல்லாருக்கும். சாயா, நீங்க சொன்னத தம்பிகிட்ட படிச்சுக் காட்டினேன், ஒடனே அம்மாவோட ரவை சல்லடைய எடுத்துட்டான், பெரிய சண்டை. மண்ணு பூரா சல்லடையில எறங்கிடுச்சு, கிளாஸ்ல போட்டதும் சடார்னு அடியில போயிடுச்சு, மேல தண்ணி கொஞ்சம் கலங்கல் அவ்ளோதான்.

அப்புறம் அதோட விடல. வாளியில மணல லேசா கொட்டி, ஓரமா தண்ணி ஊத்தி மேல வரைக்கும் ஊற விட்டு, ஒரு செங்கல நிக்க வச்சு, வாளிய கையால தட்டினான். நாலஞ்சு தட்டுல மேல தண்ணி பளபளன்னு வந்துச்சு, செங்கல் ஒரு பக்கமா சாஞ்சு பாதி உள்ள போயிடுச்சு. அப்பா கடையில இருந்து சாப்பிட வந்தவரு கைகழுவாம நின்னு பாத்துட்டு, "இன்னொரு தடவ செய்"ன்னாரு. மூணு தடவ செஞ்சான்.

அம்மா தான் கேட்டாங்க, "பகோடா குன்னு பக்கம் கெட்டித் தரைன்னு ஊர்ல சொல்வாங்க, நம்ம வீடு ஆத்துப் பக்கமால்ல இருக்கு, நம்ம அடியில என்ன மண்ணுடா?" தம்பி வாய தெறக்கல. பைல் மாமா, தன்லின்ல ஆத்துப் பக்கம் நீங்க எப்பவாவது போர் போட்டிருக்கீங்களா?

பைல் மாமா:

ரெண்டு எடத்துல போட்டிருக்கேன் மா. நோட்டு வீட்ல இருக்கு, என் கையால எழுதுன நோட்டு. ஞாயித்துக்கெழம காலைல ஆறு மணிக்கு தம்பிய அனுப்பு, அன்னிக்கு அங்க பக்கத்துலயே ஒரு குழி போடறோம், எண்ணுற ஆளு ஊருக்குப் போயிட்டான். பழைய செருப்பு போட்டுட்டு வரச் சொல்லு.