குற்றவாளிப் பதிவேட்டில் பெயர் இல்லையென்றால் நம்பலாமா? (அமெரிக்கா)

நெய்தல்_கேள்வி:
வீட்டில் ஓர் அறையை வாடகைக்குக் கேட்பவரின் பெயரை என்.எஸ்.ஓ.பி.டபிள்யூ. (அமெரிக்க அரசின் தேசியக் குற்றவாளி தேடல்) தளத்தில் தேடினால் எதுவும் வரவில்லை. ஆள் இப்போது இருப்பது இண்டியானாவில், அதற்கு முன் ஓக்லஹோமாவில். கொலை, கொள்ளை, அடிதடி வழக்கில் தண்டனை பெற்றிருந்தால் இந்தத் தளத்தில் தெரியுமா? வேறு எங்கே பார்க்க வேண்டும்?

சட்டமணி:
தெரியாது. அந்தத் தேசியத் தளம் பாலியல் குற்றங்களுக்கு மட்டுமே. அதனிடம் சொந்தத் தரவு கிடையாது. தேடும் நேரத்தில் ஒவ்வொரு மாநிலத்தின் பதிவேட்டையும் போய்க் கேட்டு வருகிறது. ஒரு மாநிலத்தின் சர்வர் அப்போது பதில் தராவிட்டால் அந்த மாநிலம் விடுபட்டுவிடும். ஆகவே முடிவுப் பக்கத்தில் எந்த மாநிலமாவது விடுபட்டதாகக் காட்டுகிறதா என்று பாருங்கள்.

வன்முறைக் குற்றங்களுக்கு நாடு முழுவதற்குமான பொதுப் பதிவேடே இல்லை. சில மாநிலங்கள்தாம் வைத்திருக்கின்றன, அவற்றிலும் எது ‘வன்முறை’ என்பதை அந்தந்த மாநிலச் சட்டம்தான் சொல்கிறது. பலரும் ஏமாறுவது இங்கேதான். இண்டியானா பதிவேட்டின் பெயரிலேயே ‘பாலியல் மற்றும் வன்முறை’ என்று இருக்கிறது. ஆனால் வன்முறை என்ற வகையில் வருபவை கொலையும், திடீர் ஆவேசத்தில் வேண்டுமென்றே மரணம் விளைவித்தலும் (வாலண்டரி மேன்ஸ்லாட்டர்) மட்டுமே. துப்பாக்கியைக் காட்டிக் கொள்ளையடித்துத் தண்டனை பெற்றவர் அதில் வரமாட்டார். அதே கொள்ளைக்கு மொன்டானாவில் பதிவு கட்டாயம். கன்சாஸில் போதைப்பொருள் குற்றவாளிகளும் அதே பட்டியலில் இருக்கிறார்கள்.

ஓக்லஹோமாவின் வன்முறைக் குற்றவாளிப் பதிவுச் சட்டம் 2004 நவம்பர் 1-இல் நடைமுறைக்கு வந்தது. பட்டியலை வைத்திருப்பது சிறைத்துறை. பொதுவாக 10 ஆண்டுகள் முடிந்தால் பெயர் போய்விடும். மீண்டும் மீண்டும் செய்தவர்களுக்கு ஆயுள் முழுக்க. அதனால் பழைய குற்றம் இருந்தும் இன்று தேடினால் கிடைக்காமல் போகலாம்.

கோப்புக்காரர்:
பதிவேட்டை விட நீதிமன்றப் பதிவுதான் பயன்படும். முதலில் அவரிடமே முழுப் பெயர் (நடுப்பெயரோடு), பிறந்த தேதி, 18 வயதுக்குப் பிறகு வசித்த மாநிலங்கள் ஆகிய மூன்று விவரங்களையும் கேட்டு வாங்குங்கள். இவை இல்லாமல் தேடினால், ஒரே பெயர் கொண்ட யாரோ ஒருவரின் வழக்கை இவர் தலையில் ஏற்றிவிடுவீர்கள். பிறந்த தேதி, புகைப்படம், உயரம், பச்சை குத்திய அடையாளம் இவற்றில் குறைந்தது இரண்டு ஒத்துப்போகாமல் எதையும் நம்பவேண்டாம்.

இண்டியானா வழக்குகளுக்கு மைகேஸ் தளம், ஓக்லஹோமாவுக்கு ஓ.எஸ்.சி.என். (இரண்டும் மாநில நீதிமன்ற வழக்குத் தேடல் தளங்கள்); சில கவுண்டிகளுக்கு (மாவட்டங்களுக்கு) ஓ.டி.சி.ஆர். தளத்தையும் பார்க்க வேண்டியிருக்கும். அடுத்து இரண்டு மாநிலங்களின் சிறைத்துறைத் தேடல். மத்திய அரசின் (பெடரல்) சிறையில் இருந்தாரா என்பதற்கு பெடரல் சிறைத்துறையின் கைதித் தேடல் இருக்கிறது, 1982 முதல் உள்ள பெயர்கள் கிடைக்கும், இலவசம். மத்திய அரசின் (பெடரல்) நீதிமன்றக் கோப்புகளுக்கு பேசர் என்ற இணையத் தளம்: பக்கத்துக்கு 10 சென்ட், ஒரு காலாண்டில் 30 டாலருக்குள் இருந்தால் கட்டணமே இல்லை.

டாக்கெட்டைத் (வழக்கின் நடவடிக்கைப் பட்டியலை) திறந்ததும் மேலே இருக்கும் குற்றச்சாட்டைப் படித்துவிட்டு நிறுத்தாதீர்கள். கடைசியில் தீர்ப்பு என்ன என்று இருக்கும் வரிதான் முக்கியம். கடும் தாக்குதல் என்று ஆரம்பித்த வழக்கு, அரசுத் தரப்போடு பேரம் பேசி ஒப்புக்கொண்டதில் சிறு குற்றமாக முடிந்திருக்கலாம், தள்ளுபடியும் ஆகியிருக்கலாம்.

நெய்தல்_கேள்வி:
ஓ.எஸ்.சி.என்.-இல் ‘டிஃபர்டு’ என்று ஒன்று பார்த்தேன். அது தண்டனையா?

கோப்புக்காரர்:
இல்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டபின் தீர்ப்பைத் தள்ளிவைத்து, நிபந்தனைக் காலத்தை ஒழுங்காக முடித்தால் வழக்கைத் தள்ளுபடி செய்யும் முறை அது. முடித்துவிட்டாரா என்று டாக்கெட்டின் கடைசிப் பதிவுகளில் பாருங்கள். நிபந்தனையை மீறினால் மட்டுமே தண்டனையாக மாறும்.

சட்டமணி:
இன்னொன்று. இணையத்தில் பணம் வாங்கிக்கொண்டு ‘பின்னணி அறிக்கை’ தரும் மலிவான தளங்களை வைத்து அவரை நிராகரிக்காதீர்கள். வாடகைக்கு விடுவதற்காக அறிக்கை வாங்கினால், இத்தகைய பின்னணி அறிக்கைகளையும் கட்டுப்படுத்தும் நியாயக் கடன் அறிக்கைச் சட்டம் (எஃப்.சி.ஆர்.ஏ.) பொருந்தும்; அந்தச் சட்டத்துக்கு உட்பட்ட நிறுவனத்திடம்தான் வாங்கவேண்டும். அறிக்கையில் இருந்ததைக் காரணமாக்கி வீடு தர மறுத்தால், எந்த நிறுவனத்தின் அறிக்கை, அதில் பிழையிருந்தால் ஆட்சேபிக்கும் உரிமை அவருக்கு உண்டு என்பதை அவருக்கு அறிவிக்கவேண்டும்.

பதிவேட்டில் கிடைக்கும் முகவரியைப் பக்கத்து வீட்டு வாட்ஸாப் குழுவில் போடுவதும் வேண்டாம். 2006-இல் மெய்ன் மாநிலத்தில் இணையப் பதிவேட்டில் முகவரி எடுத்து ஒருவர் இருவரைச் சுட்டுக் கொன்றார். இறந்தவர்களில் ஒருவர் பட்டியலில் இருந்தது, தன் 19 வயதில், 16 வயது நிரம்பச் சில வாரங்களே இருந்த காதலியோடு உறவு கொண்டதற்காக.