ஸ்டூடண்ட் விசா முடிந்துவிட்டது, கிராஜுவேட் விசா விண்ணப்பம் நிலுவையில் உள்ளது: இங்கிலாந்தில் தங்கலாமா, வேலை செய்யலாமா, ஊருக்குப் போய் வரலாமா?

பர்மிங்ஹாம் மாணவன்:

அனைவருக்கும் வணக்கம். பர்மிங்ஹாமில் ஓராண்டு முதுகலைப் படிப்பை முடித்திருக்கிறேன். என் ஸ்டூடண்ட் விசா ஜனவரி 30 அன்று முடிந்தது. அதற்கு ஆறு நாள் முன்னதாக, ஜனவரி 24 இரவு, விசாக் கட்டணத்தையும் மருத்துவக் கூடுதல் கட்டணத்தையும் செலுத்தி, படிப்பை முடித்தவர்கள் இங்கேயே தங்கி வேலை செய்ய உதவும் கிராஜுவேட் விசாவுக்கு விண்ணப்பித்தேன். பாஸ்போர்ட்டையும் முகத்தையும் கைப்பேசிச் செயலியிலேயே படம் எடுத்து அனுப்பிவிட்டதால் நேரில் எங்கும் அழைக்கவில்லை. பாஸ்போர்ட் என்னிடமே இருக்கிறது. முடிவு இன்னும் வரவில்லை.

நான் வேலை பார்க்கும் கிடங்கில் ஷேர் கோடு, அதாவது வேலை செய்யும் உரிமையை இணையத்தில் காட்டும் குறியீடு, கேட்டார்கள். அரசு இணையதளத்தில் உள்ள என் விசாக் கணக்கைத் திறந்தால் அனுமதி ஜனவரி 30 வரை என்றே காட்டுகிறது. அதைப் பார்த்த எச்.ஆர். அதிகாரி, புதிய விசா வரும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அப்படியானால் இப்போது நான் சட்டத்துக்குப் புறம்பாகத் தங்கியிருக்கிறேனா என்ற பயம் வந்துவிட்டது. இன்னொன்று: பங்குனி முதல் வாரத்தில் திருக்கடையூரில் என் அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம். நான் ஒரே பிள்ளை. பாஸ்போர்ட் கையில் இருப்பதால் பத்து நாள் போய் வந்துவிடலாம் என்று மார்ச் 12-க்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

ஈஸ்ட் ஹாம் வாசகர்:

தம்பி, முதலில் பயத்தை விடுங்கள். நீங்கள் சட்டப்படியே தங்கியிருக்கிறீர்கள். பிரிட்டனின் 1971-ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தில் 3சி என்ற பிரிவு இருக்கிறது. விசா உயிரோடு இருக்கும்போதே முறையான விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டு, அதன் மீது முடிவு வருவதற்குள் விசாக் காலம் முடிந்துபோனால், பழைய அனுமதியை அதே நிபந்தனைகளோடு அந்தப் பிரிவு தானாகவே நீட்டிக்கிறது. இதற்கென்று தனியாக யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. எந்த அதிகாரியும் கையெழுத்திட வேண்டியதில்லை. ஜனவரி 30 நள்ளிரவில் உங்கள் விசா முடிந்த அந்தக் கணமே இது தொடங்கிவிட்டது.

தானாக நடப்பதுதான் இதன் நன்மை. சிக்கலும் அதிலிருந்துதான் வருகிறது. சட்டம் நீட்டித்துவிட்டது, ஆனால் உங்கள் கணக்கில் தெரிவது பழைய தேதி. இதனால் வேலையிலிருந்து நிறுத்தப்பட்டவர்கள் பலர். 3சி நிலையில் இருப்பவர்களுக்கு அதற்கான மின்னணுச் சான்றை உள்துறை அமைச்சகம் வழங்காமலிருப்பது சட்டவிரோதம் என்று 2024 ஜூனில் லண்டன் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்தபின்னும் உங்களைப் போன்றவர்கள் இதே கேள்வியோடு வருவதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

"அதே நிபந்தனைகளோடு" என்பதை ஊன்றிப் படியுங்கள். கிராஜுவேட் விசா கிடைத்துவிட்டதாக நினைத்து நடந்துகொள்ளக் கூடாது. படிப்பு முடிந்துவிட்டதால் கிடங்கில் முழுநேரம் வேலை செய்ய உங்களுக்குத் தடையில்லை. ஆனால் ஸ்டூடண்ட் விசாவில் சுயதொழில் கூடாது என்ற நிபந்தனை முடிவு வரும் நாள்வரை தொடர்கிறது. சைக்கிளில் உணவுப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுக்கும் செயலி வேலைகளில் பெரும்பாலானவை சுயதொழில் என்ற கணக்கில்தான் வரும். வேலை நின்றுபோன இந்த வாரங்களில் அந்தப் பக்கம் போய்விடாதீர்கள்.

விண்ணப்பம் மறுக்கப்பட்டால்கூட அன்றே இந்த நிலை முடிந்துவிடாது. நிர்வாக மறுஆய்வு, அதாவது அந்த முடிவை அமைச்சகமே மறுபடி பார்க்கும்படி, கேட்க 14 நாள் தருகிறார்கள். அந்த நாட்களிலும், கேட்டிருந்தால் அதன் முடிவு வரும்வரையிலும் 3சி தொடரும். ஆனால் விண்ணப்பமே செல்லாது என்று திருப்பி அனுப்பிவிட்டால் 3சி ஒருநாளும் இருந்ததாகக் கருதப்படாது. ஆகவே பல்கலைக்கழகமோ அமைச்சகமோ கூடுதலாக ஏதாவது கேட்டு மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறதா என்று தினமும் பாருங்கள், ஸ்பேம் பெட்டி உட்பட.

இடையில் ஏதாவது ஒரு நிறுவனம் ஸ்கில்டு ஒர்க்கர் என்ற திறன்சார் வேலை விசாவுக்கு ஸ்பான்சர் செய்ய முன்வந்தால், 3சி-யில் இருந்துகொண்டு இரண்டாவதாக ஒரு புதிய விண்ணப்பம் போட முடியாது. நிலுவையில் உள்ள விண்ணப்பத்தை மாற்றியமைக்க மட்டுமே முடியும். அந்த நிலை வந்தால் பதிவுபெற்ற குடிவரவு ஆலோசகர் ஒருவரைப் பாருங்கள்.

சம்பளப் பிரிவில் வேலை செய்யும் அக்கா:

நான் ஒரு முதியோர் இல்லத்தில் ஊழியர்களின் ஆவணங்களைச் சரிபார்க்கும் வேலையில் இருப்பதால் எச்.ஆர். பக்கத்தைச் சொல்கிறேன். உங்கள் அதிகாரிக்கு உங்கள் மேல் பகை எதுவும் இருக்காது. அனுமதியில்லாத ஒருவரை வேலையில் வைத்திருந்தால் 2024 பிப்ரவரி 13 முதல் ஒரு ஊழியருக்கு 45,000 பவுண்டு வரை அபராதம், மீண்டும் நடந்தால் 60,000 வரை. திரையில் பழைய தேதியைப் பார்த்தவுடன் அவர் பயந்திருப்பார்.

அவர் செய்ய வேண்டியது எம்ப்ளாயர் செக்கிங் சர்வீஸ் என்ற அரசு இணையச் சேவையில் உங்களைப் பற்றி விசாரிப்பது. அமைச்சகம் உங்கள் விண்ணப்பம் நிலுவையில் இருப்பதைப் பார்த்து, வேலை செய்ய உரிமை உண்டு என்று நிறுவனத்துக்கு ஓர் அறிவிப்பு அனுப்பும். அது ஆறு மாதத்துக்குப் போதும். விசா முடியும் முன்பே விண்ணப்பித்துவிட்டார் என்று நிறுவனம் நியாயமாக நம்பினால், அந்த அறிவிப்பு வந்துசேர விசா முடிந்த நாளிலிருந்து 28 நாள் வரை அவகாசமும் உண்டு. உங்களுக்கு ஜனவரி 30 கணக்கு, எனவே நாட்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. நாளைக்கே பேசுங்கள்.

கையில் மூன்று காகிதம் கொண்டுபோங்கள்: விண்ணப்பம் கிடைத்தது என்று வந்த மின்னஞ்சல், கட்டணம் செலுத்திய ரசீது, பழைய விசாவின் விவரம். மின்னஞ்சலில் விண்ணப்ப எண்ணும் தேதியும் இருக்கும் வரியை நான் எப்போதும் மஞ்சள் பேனாவால் கோடிட்டு வைத்துக்கொள்ளச் சொல்வேன். ஜனவரி 24 என்ற அந்த ஒரு தேதியைத்தான் அவர் முதலில் தேடுவார்.

லெஸ்டர் தமிழர்:

ஊருக்குப் போகும் விஷயத்தை யாரும் தொடவில்லை, நான் சொல்கிறேன். போகாதீர்கள். முடிவு வருவதற்குள் பிரிட்டன், அயர்லாந்து, மேன் தீவு, சேனல் தீவுகள் ஆகியவற்றைத் தாண்டி வெளியே போனால் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டதாகவே எடுத்துக்கொள்வார்கள். கிராஜுவேட் விசாவுக்கு இந்த நாட்டில் இருந்துகொண்டுதான் விண்ணப்பிக்க முடியும். சென்னையிலிருந்து மறுபடி போட வழியே இல்லை.

என் மைத்துனர் மூன்று வருடத்துக்கு முன் இதைத்தான் செய்தார். மாமாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது என்று இரவு இரண்டு மணிக்குப் போன் வந்தது. காலையில் விமானம் ஏறிவிட்டார். பாஸ்போர்ட் கையில் இருந்ததால் போகும் வழியில் யாரும் அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மாமா பிழைத்துக்கொண்டார். விண்ணப்பம் போய்விட்டது, மைத்துனரால் திரும்பி வர முடியவில்லை. இங்கே அவர் அறையில் இருந்த துணிமணிகளை நான்தான் மூட்டை கட்டிக் கூரியரில் அனுப்பினேன். அவருக்காவது உயிர் பிரச்சினை. உங்கள் வீட்டில் நடப்பது மங்கள காரியம், நாளைத் தள்ளி வைக்க முடிந்த காரியம். அப்பாவிடம் மனம் திறந்து பேசுங்கள்.

பர்மிங்ஹாம் மாணவன்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இன்று காலை காகிதங்களோடு போனேன். அந்த இணையச் சேவையில் விசாரிப்பதாக எச்.ஆர். அதிகாரி சொல்லியிருக்கிறார். அப்பாவிடமும் பேசினேன். ஜென்ம நட்சத்திரம் மாதந்தோறும் வரும், சித்திரையில் பார்த்துக்கொள்ளலாம் என்று அவரே சொல்லிவிட்டார். அம்மாதான் பேசாமல் போனை வைத்துவிட்டார். ஒரு சந்தேகம். அயர்லாந்து போனால் விண்ணப்பம் போகாது என்கிறீர்கள். வாரக் கடைசியில் நண்பர்கள் டப்ளின் போகிறார்கள், நான் சேர்ந்துகொள்ளலாமா?

ஈஸ்ட் ஹாம் வாசகர்:

வேண்டாம் தம்பி. விண்ணப்பம் நிலைக்கும், ஆனால் 3சி நிலைக்காது. அந்தப் பிரிவின் நீட்டிப்பு ஐக்கிய இராச்சியத்தைவிட்டு வெளியேறியவுடன் காலாவதியாகும் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது, டப்ளின் ஐக்கிய இராச்சியத்துக்கு வெளியே இருக்கிறது. விண்ணப்பம் நிலுவையில் இருக்கும், தங்குவதற்கும் வேலை செய்வதற்கும் அனுமதி மட்டும் இருக்காது. கிராஜுவேட் விசாவுக்குப் பெரும்பாலும் எட்டு வாரத்துக்குள் முடிவு வந்துவிடும். உங்கள் கணக்குப்படி அது மார்ச் 21-ஐ ஒட்டி வரும். விசா கணக்கில் ஏறியதையும், அதில் இணைந்திருக்கும் பாஸ்போர்ட் எண் சரியாக இருப்பதையும் பார்த்துவிட்டு, அதன்பிறகு சித்திரைக்கு டிக்கெட் எடுங்கள். அம்மாவை இன்று இரவு மறுபடி கூப்பிடுங்கள்.