காஸ் மணக்கிறதா? லைற்றைப் போடாமல் வெளியே வாருங்கள்

வன்னியிலிருந்து லண்டன் பக்கம் புதிதாக வந்திருக்கிற தம்பி தங்கச்சிமாருக்காக இதை எழுதுகிறேன். பாங்க் எக்கவுண்ட், பஸ் கார்ட் எல்லாவற்றுக்கும் ஆள் கூட வந்து சொல்லித் தருவார்கள், இதை மட்டும் யாரும் சொல்லித் தருவதில்லை.

நாங்கள் வளர்ந்த குசினி வேறு. தருமபுரத்தில் அம்மா சமைத்தது தட்டி அடைத்து மேலே கிடுகு வேய்ந்த கொட்டிலில், பாலை விறகில். புகையோ மணமோ எதுவானாலும் தட்டி இடுக்கால் தானாகப் போய்விடும். இங்கே குளிருக்காக யன்னலெல்லாம் இறுக்கிப் பூட்டிய வீடு, கசிகிற காஸ் போக வழியில்லாமல் உள்ளேயே சேரும்.

நான் வந்து மூன்றாவது கிழமை இது நடந்தது. நாலு குடும்பம் இருந்த வாடகை வீடு. யாரோ பாலை அடுப்பில் வைத்துவிட்டு மேலே போய்விட, பால் பொங்கி நெருப்பு நூர்ந்துவிட்டது, குமிழ் திறந்தபடி கிடந்தது. நெருப்பு நூர்ந்தால் காஸைத் தானாக நிறுத்துகிற அடுப்புகள் இருக்கின்றன, அது அப்படியான அடுப்பு இல்லை. நான் இரவு வேலை முடிந்து வந்து கதவைத் திறக்க, கூழ்முட்டை நாற்றம். கை நேரே லைற் சுவிட்சுக்குப் போனது. பின்னால் வந்த அண்ணர் ஒருவர் கையைப் பிடித்து இழுத்த இழுவையில் முழங்கை நிலையில் அடிபட்டு ஒரு கிழமை கன்றியிருந்தது. அவர் இழுத்திருக்காவிட்டால் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

காஸுக்குச் சொந்தமாக மணம் கிடையாது. கசிந்தால் தெரியவேண்டும் என்றுதான் அந்த நாற்றத்தைச் சேர்க்கிறார்கள். அது மணந்தால் சுவிட்சைப் போடவும் வேண்டாம், எரிகிற லைற்றை நூர்க்கவும் வேண்டாம், இரண்டிலும் சின்னப் பொறி வரும். குசினி ஃபான், கோலிங் பெல், எதையும் தொடாதீர்கள். போனைக்கூட வெளியே வந்துதான் எடுக்கவேண்டும். சாமிப்படத்துக்கு முன்னால் எண்ணெய் விளக்கு எரிந்தால் நூர்த்துவிடுங்கள். நாற்றம் போகட்டும் என்று சாம்பிராணிக் குச்சி கொளுத்துகிற பழக்கம் எங்கள் ஆட்களிடம் இருக்கிறது, தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள்.

யன்னல் கதவைத் திறந்துவிடுங்கள். மீற்றருக்குப் பக்கத்தில் குழாயில் ஒரு சின்னக் கைபிடி இருக்கும், அது குழாயோடு ஒரே நேராக நின்றால் காஸ் வருகிறது, குறுக்காகத் திருப்பினால் பூட்டு. மீற்றர் நிலவறையில் இருந்தால் அங்கே இறங்கவேண்டாம். மேல்மாடியில் தூங்குகிறவர்களைக் கத்தி எழுப்பி, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு எல்லாரும் வெளியே வந்துவிடுங்கள்.

வந்து 0800 111 999 க்கு அடியுங்கள். இங்கிலாந்து, ஸ்கொட்லாந்து, வேல்ஸ் எங்கேயும் இந்த நம்பர்தான், இருபத்துநாலு மணித்தியாலமும் எடுப்பார்கள், காசு இல்லை. கனடாவில் 911, ஐரோப்பிய நாடுகளில் 112. இங்கிலீஷ் சரியாக வராவிட்டாலும் பரவாயில்லை, "காஸ் ஸ்மெல்" என்று சொல்லி வீட்டு நம்பரையும் போஸ்ட்கோடையும் சொன்னால் விளங்கிக்கொள்வார்கள். ஒன்றுமில்லாததுக்குக் கூப்பிட்டுவிட்டோமோ, வீட்டுக்காரர் ஏசுவாரோ, விசா கேட்பார்களோ என்று பயந்து நிற்காதீர்கள். வருகிறவர் காஸ்காரர், அவருக்கு உங்கள் விசாவோடு வேலையில்லை. அவர் வந்து பார்த்துச் சொல்லும்வரை உள்ளே போகவேண்டாம், மூடியதை நீங்களாகத் திரும்பத் திறக்கவும் வேண்டாம்.

அவர் கசிவை நிறுத்திவிட்டுப் போவார். அப்புறம் திருத்துவது வாடகை வீடென்றால் வீட்டுக்காரரின் பொறுப்பு, அதுவும் காஸ் சேஃப் (Gas Safe, காஸ் வேலை செய்ய அனுமதி உள்ளவர்களின் பட்டியல்) பதிவு உள்ளவரைக் கொண்டுதான் செய்விக்கவேண்டும். வருசத்துக்கு ஒருமுறை சோதித்து அந்தப் பத்திரத்தின் கொப்பியை வாடகைக்கு இருப்பவருக்குக் கொடுக்கவேண்டும் என்பது இங்கே சட்டம். அறை பார்க்கப் போகும்போதே கேளுங்கள்.

இன்னொன்று கார்பன் மொனொக்சைட், காஸ் சரியாக எரியாவிட்டால் வருகிற நச்சுப் புகை. அது மணக்கவே மணக்காது. நீலமாக எரியவேண்டிய நெருப்பு மஞ்சளாக எரிந்தால், வீட்டுக்குள் தலையிடியும் பிரட்டலும் வந்து வெளியே போனால் குறைந்தால், அதைச் சந்தேகப்படுங்கள். அலாரம் ஒன்று வாங்கி வையுங்கள்.

ஊரில் அம்மாமாருக்கு இப்போது நாங்கள் அனுப்புகிற காசில்தான் சிலிண்டர் வந்திருக்கிறது. 2021 கடைசியில் இலங்கை முழுக்கக் காஸ் அடுப்புகள் வெடித்தபோது நான் ஒவ்வொரு நாளும் அம்மாவுக்குக் கோல் எடுத்தேன். இங்கே குழாயில் வருகிற காஸ் காற்றைவிடப் பாரம் குறைவு, மேலே எழும்பும். சிலிண்டர் காஸ் பாரம் கூட, நிலத்தோடு படிந்து கிடக்கும். ஆகவே அங்கே மேல் யன்னல் மட்டும் போதாது, வாசல் கதவை அகலத் திறக்கச் சொல்லுங்கள். றெகுலேற்றரில் சந்தேகம் வந்தால் நெருப்புப்பெட்டி தட்டிப் பார்க்காமல் சவர்க்காரத் தண்ணீர் பூசிப் பார்க்கச் சொல்லுங்கள், குமிழி வந்தால் கசிகிறது. இரவு படுக்கமுன் சிலிண்டர் வாயைப் பூட்டினாயா என்று நான் இப்போதும் கேட்கிறேன், அம்மா "ஓமடா" என்று சலித்துக்கொண்டு சொல்லுவா.