2000 வாட் கீசர், 7.2 ஆம்பியர்தான் இழுக்கிறது. எலிமென்ட் போய்விட்டதா?

மழைத்துளி:
15 லிட்டர் கீசர். லேபிளில் 230 வோல்ட், 2000 வாட். தண்ணீர் சூடாக ரொம்ப நேரம் எடுக்கிறது. ஓடும்போது கீசர் டெர்மினலில் 195 வோல்ட், கிளாம்ப் மீட்டரில் 7.2 ஆம்பியர். உப்பு படிந்திருக்கும், எலிமென்டை மாற்றுங்கள் என்கிறார்கள். மாற்றலாமா?

செப்புக்கம்பி:
மாற்ற வேண்டாம். லேபிள்படி எலிமென்டின் மின்தடை 230 × 230 ÷ 2000 = 26.45 ஓம். நீங்கள் அளந்தபடி 195 ÷ 7.2 = 27.1 ஓம். வித்தியாசம் இரண்டரை சதவீதம்தான், மீட்டர் பிழைக்குள் அடங்கிவிடும். உப்புப் படிவு எலிமென்டைச் சீக்கிரம் எரித்துவிடும், ஆனால் கரண்டைக் குறைக்காது.

கிடைக்கும் பவர் 195 × 7.2 = 1404 வாட். வோல்டேஜ் 15 சதவீதம் குறைந்தால் பவர் 28 சதவீதம் குறையும், ஏனென்றால் பவர் வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது (0.85 × 0.85 = 0.72). 15 லிட்டரை 27 டிகிரியிலிருந்து 57-க்குக் கொண்டுபோக 2000 வாட்டில் சுமார் 16 நிமிடம், 1404-ல் 22 நிமிடத்துக்கு மேல்.

கீசரை ஆஃப் செய்துவிட்டு அதே இடத்தில் வோல்டேஜ் எவ்வளவு என்று சொல்லுங்கள். முக்கியமான கேள்வி அதுதான்.

மழைத்துளி:
ஆஃபில் 226. ஆன் செய்ததும் 195. போர்டிலிருந்து 15 மீட்டர், 1.5 சதுர மி.மீ. செம்பு வயர்.

செப்புக்கம்பி:
அப்படியானால் கீசரை உடனே நிறுத்துங்கள். 31 வோல்ட் வழியில் விழுகிறது. 31 ÷ 7.2 = 4.3 ஓம். உங்கள் வயர் கிலோமீட்டருக்கு 12.1 ஓம், போக வர 30 மீட்டருக்கு 0.36 ஓம், அதாவது 2.6 வோல்ட்தான் விழ வேண்டும். மிச்சம் ஏதோ ஒரு லூஸ் கனெக்‌ஷனில். 31 × 7.2 = 223 வாட் வழியிலேயே வெப்பமாகிறது; 25 வாட் சால்டரிங் அயர்ன் ஒன்பதின் சூடு, பெரும்பகுதி ஒரே ஸ்க்ரூவில்! பிளாஸ்டிக் உருகித் தீப்பிடிக்க அது போதும்.

கண்டுபிடிக்க: கீசரை ஒரு நிமிடம் மட்டும் ஓட்டி, வேறு சர்க்யூட்டின் பிளக் பாயின்டில் வோல்டேஜ் பாருங்கள். அது குறையவில்லை என்றால் கோளாறு கீசர் லைனில்: பிளக் பின், சாக்கெட், சுவிட்ச், எம்.சி.பி. (போர்டில் ஓவர்லோடானால் தானாக விழும் சுவிட்ச்) ஸ்க்ரூ. அதுவும் சேர்ந்து குறைந்தால் மெயின் சுவிட்ச், நியூட்ரல் லிங்க் (நியூட்ரல் வயர்கள் சேரும் இடம்) அல்லது சர்வீஸ் லைன் (கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் வயர்). அதை மின்வாரியத்திடம் விட்டுவிடுங்கள். மெயினை அணைத்துவிட்டுத்தான் ஸ்க்ரூவைத் தொட வேண்டும். கருகிய முனையை வெட்டிப் புதிதாக உரித்து இறுக்குங்கள். கருகிய சாக்கெட்டை மாற்றியே ஆக வேண்டும், இறுக்கினால் நிற்காது.

ஓம்மீட்டர்:
இரண்டு விஷயம். மீட்டரை ஓம் நிலையில் வைத்து, மின்சாரம் இருக்கும்போது தொடாதீர்கள், மீட்டர் போய்விடும். கிளாம்பை ஒற்றை வயரில் மட்டும் மாட்டுங்கள். இரண்டையும் சேர்த்து மாட்டினால் பூஜ்யம் காட்டும்.

இந்தக் கணக்கை எல்லாவற்றுக்கும் போடவும் முடியாது. கீசரில் இருக்கும் நிக்ரோம் (நிக்கல்-குரோமியம் கலவை) எலிமென்ட் சூட்டிலும் குளிரிலும் ஏறக்குறைய ஒரே ஓம். பழைய 100 வாட் குண்டு பல்பு எரியும்போது 529 ஓம், அணைந்திருக்கும்போது அளந்தால் 40 பக்கம்தான் வரும். மோட்டாரில் வோல்ட் × ஆம்பியர் வாட் ஆகாது, பவர் ஃபேக்டரால் (வோல்ட் × ஆம்பியரில் உண்மையான பவர் எவ்வளவு பங்கு என்ற எண்) பெருக்க வேண்டும்.

மழைத்துளி:
வேறு பாயின்டில் 225 அப்படியே நிற்கிறது. கீசர் சாக்கெட்டின் நியூட்ரல் துளை பழுப்பாக இருக்கிறது.

செப்புக்கம்பி:
அதுதான். 16 ஆம்பியர் சாக்கெட், பிளக் இரண்டையும் மாற்றுங்கள். பழைய பிளக்கைப் போட்டால் புது சாக்கெட்டும் கருகும். பிறகு ஓடும்போது 222 வோல்ட், 8.2 ஆம்பியர் பக்கம் வர வேண்டும்.