அப்பாவோட நெஞ்சு வீக்கம் - அப்டேட்

போன மாசம் எழுதியிருந்தேன்ல, அப்பாவுக்கு இருமல் விடவே இல்ல, விலாவுல வீக்கம், டிபியா கேன்சரான்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்கன்னு. பயாப்ஸி ரிசல்ட் வந்துடுச்சு, ரெண்டும் இல்ல, ஆக்டினோமைகோசிஸாம். பேரு பூஞ்சை மாதிரி இருந்தாலும் இது பாக்டீரியா, எல்லார் வாயிலயும் சும்மா கெடக்குறதுதான், சொத்தப்பல் இருந்தா எச்சிலோட நுரையீரலுக்குள்ள போய் மெதுவா சதை, விலா எலும்புன்னு எதையும் விடாம பரவி தோல் வழியா சீழா வெளிய வருமாம். டிரெஸ்ஸிங் துணில மஞ்சளா ரவை மாதிரி இருந்துச்சு, நான் மருந்துன்னு நெனச்சு தொடச்சுப் போட்டேன், அதான் இந்த வியாதிய கண்டுபிடிக்கிற க்ளூவே! இப்போ பெனிசிலின் ட்ரிப்ஸ் ஓடுது, அப்புறம் 6லேர்ந்து 12 மாசம் அமாக்ஸிசிலின் மாத்திரை. இது ஒட்டுற வியாதி இல்ல, பெரம்பூர் பக்கம் வந்தா தாராளமா பாத்துட்டுப் போங்க. பல்லு புடுங்கணும்னதும்தான் அப்பா மொகமே தொங்கிடுச்சு, முறுக்கு கடிக்க முடியாதேன்னு.