டிராக் ரேஸ் காருக்கு எந்தப் பின் ஆக்ஸில்? ஆலோசனை வேண்டும்

வணக்கம் நண்பர்களே. வீட்டிலேயே கால் மைல் டிராக் கார் (நேர்கோட்டுப் பந்தயக் கார்) ஒன்றைக் கட்டி வருகிறேன். எடை சுமார் 1,300 கிலோ, எஞ்சின் 600 குதிரைத்திறன், ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், 28 அங்குல ஸ்லிக் (பள்ளக்கோடுகள் இல்லாத பந்தய) டயர். பின் ஆக்ஸிலில்தான் முடிவெடுக்க முடியாமல் நிற்கிறேன்.

என் மனம் ஃபோர்டு 9 அங்குல ஆக்ஸிலையே நாடுகிறது. அதன் பினியனை (எஞ்சினின் சுழற்சியை ஆக்ஸிலுக்குள் கொண்டுவரும் சிறு பற்சக்கரம்) மூன்று பேரிங்குகள் தாங்குகின்றன. நடுப்பகுதியை முன்பக்கமாகக் கழற்றி கியர் விகிதத்தை மாற்றிவிடலாம். ஆனால் பினியன் மிகவும் தாழ்வாக அமைந்திருப்பதால் உராய்வில் கொஞ்சம் சக்தி வீணாகிறது. ஃபோர்டு 8.8 அங்குல ஆக்ஸில் எடை குறைவு, விலையும் குறைவு. அதில் சி-கிளிப்தான் (ஆக்ஸில் தண்டை உள்முனையில் பிடித்து நிறுத்தும் C வடிவ வளையம்) என்னை உறுத்துகிறது: ஆக்ஸில் தண்டு முறிந்தால் சக்கரமே வெளியேறிவிடும். கிளிப்பை நீக்கி, ஆக்ஸில் குழாய்களை வெல்டிங் செய்து பலப்படுத்தினால் போதுமா? டானா 60 ஆக்ஸில் இந்தக் காருக்கு அதிக எடை என்றே நினைக்கிறேன்.

31 ஸ்ப்லைன் (முனையில் வெட்டப்பட்ட பல்வரிகள்) கொண்ட ஆக்ஸில் தண்டு தாங்குமா, 35 அவசியமா? ஸ்பூல் (இரு பின் சக்கரங்களையும் எப்போதும் ஒன்றாகவே சுழலவைக்கும் பாகம்) பொருத்தப் போகிறேன், சாலையில் ஓட்டப்போவதில்லை. 4.10 ஆக்ஸில் கியர் விகிதத்தில், மணிக்கு 135 மைல் வேகத்தில் எஞ்சின் நிமிடத்துக்கு ஏறக்குறைய 6,600 சுற்றில் இருக்கும் என்று கணக்கிட்டேன். இதே எடையில் ஓட்டியவர்கள், முதலில் எது உடைந்தது என்று சொன்னால் பேருதவியாக இருக்கும்.